வலப்பக்கச் சுவர்

போன கார்த்திகையில் ரொறன்ரோவில், மில்லிக்கனில் உள்ள கார் ரயர் கடைக்குப் போயிருந்தேன். நான் கடைசியாக வேலை செய்த இடம் அது. ஓய்வு பெற்று ஒன்பது வருடமாகியும், பனிக்கால ரயர் மாற்றும் அவசர நாட்களில் அங்கே போய் ஒரு கதிரையில் இருந்துவிட்டு வருவது வழக்கம். வேலை எதுவும் செய்வதில்லை. பிழை கண்டுபிடிப்பேன். கடைப் பெடியள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

அன்று சாம்பல் நிறக் கார் ஒன்று வந்து நின்றது. இறங்கிய ஆளைக் கண்டதும் மூன்று பெடியளும் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடினார்கள். வந்தவன் தவசீலன். ரொறன்ரோவில் பலருக்கு அவனை டேவ் சீலன் என்றால்தான் தெரியும். எண்பதுகளில் ஸ்ரொக் கார் பந்தயத்தில் ஓடியவன். அந்த நாட்களில் எங்கள் ஆட்கள் வேறு யாரும் அந்தப் பக்கம் போனதாக நான் அறியவில்லை. இப்போது அவனுக்கும் அறுபது தாண்டிவிட்டது. தலைமயிர் மட்டும் அப்படியே இருக்கிறது. என்னுடையது நாற்பதிலேயே போய்விட்டது.

"அங்கிள், ஒரு பிக்சர் எடுத்துத் தாங்கோ, ப்ளீஸ்" என்று ஒரு பெடியன் தன் போனை என் கையில் வைத்தான். நான்கு படம் எடுத்துக் கொடுத்தேன். நான்கிலும் நான் இல்லை. பிறகு கடைசிப் பெடியன் என்னிடம் வந்து, "அங்கிள், டேவ் அங்கிளுக்கு அந்த நாளிலை ரயர் சேஞ் பண்ணினது நீங்களாம், உண்மையோ?" என்று கேட்டான்.

ரயர் மாற்றியவன் வேறு ஆள். நான் ரயர் அளந்தவன். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அவனுக்குச் சொல்லி முடிப்பதற்குள் அவன் அடுத்த காருக்குப் போய்விட்டான். எங்கள் முதியோர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டிருந்தார்கள். ஆகையால் இங்கே எழுதிவிடுகிறேன்.

என் படிப்பைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. உயர்தரத்தில் கணிதம், தொழில்நுட்பக் கல்லூரியில் இரண்டு வருடம், அதன்பிறகு யாழ்ப்பாணத்தில் ஒரு கூட்டுத்தாபனத்தின் வாகனப் பகுதியில் பதினொரு வருடம். லொறி, ஜீப், வான் எல்லாம் ஓட்டினேன். ஒரு நாளும் ஓர் இடத்திலும் உரசியதில்லை. எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு புறப்பட்டு, அடுத்த வருடத் தொடக்கத்தில் ரொறன்ரோவின் பார்க்டேலில் ஓர் அப்பார்ட்மென்ரில் எட்டாவது ஆளாக வந்து சேர்ந்தேன். இரண்டு மாதத்தில் ஸ்காபரோவில் ஒரு கராஜில் வேலை கிடைத்தது.

கராஜ்காரர் பெயர் வோல்ரர். அறுபதை நெருங்கியவர், நல்ல உயரம். கார்களுக்குக் கீழே பார்த்துப் பார்த்துக் கழுத்து ஒரு பக்கம் சரிந்திருந்தது. அவர் மனிதரைப் பார்த்துப் பேசமாட்டார், பொருளைப் பார்த்துத்தான் பேசுவார். "நீ ஏன் இன்னும் இங்கே இருக்கிறாய்?" என்று நிலத்தில் கிடக்கும் போல்ற்றிடம் கேட்பார். பதில் நான் சொல்ல வேண்டும். கோபப்பட்டதும் இல்லை, பாராட்டியதும் இல்லை. அவரிடம் ஒரு பச்சை ஃபிளாஸ்க் இருந்தது. ஒரு வேலை அவருக்குத் திருப்தியாக முடிந்தால், அதன் மூடியில் கோப்பி ஊற்றி ஓர் ஆளுக்குக் கொடுப்பார். மூடி ஒன்று, ஆகையால் ஆளும் ஒன்று. அந்த முதல் வருடத்தில் எனக்கு ஒன்பது தரம் கிடைத்தது. மற்ற மெக்கானிக்குகளுக்கு எல்லாருமாகச் சேர்த்து ஐந்து.

கராஜின் பின்பக்கத்தில் அவருடைய பந்தயக் கார் நின்றது. ஸ்ரொக் கார் என்பது வீதியில் ஓடும் சாதாரணக் கார்தான். உள்ளே இருப்பதையெல்லாம் கழற்றிவிட்டு, ஓட்டுபவரைச் சுற்றி இரும்புக் குழாயால் கூடு கட்டியிருப்பார்கள். கோடை வந்தால் வார இறுதிகளில் அதை ட்ரெயிலரில் ஏற்றி, நகருக்கு வெளியே ஒரு மணித்தியாலத் தூரத்தில் உள்ள திடலுக்குக் கொண்டுபோவோம். திடல் முட்டை வடிவம். கார்கள் எப்போதும் இடப்பக்கமே திரும்பி ஓடும். வலப்பக்கம் முழுக்கச் சீமெந்துச் சுவர்.

தவசீலன் என்னிலும் எட்டு மாதம் பிந்தி அங்கே வேலைக்கு வந்தான். மட்டக்களப்புப் பக்கம், இருபத்தொரு வயது. கூட்டுவது, கழுவுவது அவன் வேலை. ஊரில் சைக்கிள் தவிர வேறெதுவும் ஓட்டியதில்லை. வந்த முதல் குளிர்காலத்தில், பிளாசா ஒன்றின் வெறும் பார்க்கிங்கில், பனிக்கு மேலே, கூட்டாளி ஒருவனின் பழைய காரில் ஓட்டப் பழகினான். கார் என்றால் வழுக்கத்தான் செய்யும் என்று நினைத்துக்கொண்டே பழகியவன்.

எண்பத்தைந்து வசந்தத்தில் வோல்ரரின் பந்தயக் காரை ஓட்டியவன் வேலை தேடிக் கனடாவின் மேற்கு மாகாணம் ஒன்றுக்குப் போய்விட்டான். வோல்ரர் பந்தயக் காரின் முன்னால் நின்று, "உனக்கு ஓர் ஆள் வேண்டும்" என்று அதனிடம் சொன்னார். நான் ஓடுகிறேன் என்றேன். எனக்கு அப்போது முப்பத்தாறு வயது. கூட்டுகிற தும்புத்தடியுடன் நின்ற தவசீலனும் கையைத் தூக்கினான்.

"நீ லைசென்ஸ் எடுத்து மூண்டு மாசம்" என்றேன் நான். "உது விளையாட்டுச் சாமானில்லை."

"தெரியும் அண்ணன். நீங்க ஓடினா நான் கழுவுறன். நான் ஓடினா நீங்க கழுவ வேணாம், நானே கழுவுறன்."

இரண்டு பேருக்கும் பத்துப் பத்துச் சுற்றுத் தருவதாக வோல்ரர் காரிடம் சொன்னார்.

முதலில் நான். முதல் சுற்று நன்றாகத்தான் போனது. இரண்டாவதில் வேகம் கூட்டினேன். வளைவு முடிந்து நேர்ப்பாதைக்கு வரும் இடத்தில் வலப்பக்கத்தில் தகரம் கிழிவதுபோல ஒரு சத்தம். சுவர். என்ன நடந்தது என்று எனக்கு விளங்கவில்லை. ஆறாவது சுற்றில் மறுபடியும். ஒன்பதாவதில் மறுபடியும்.

இறங்கி வந்து கதவைப் பார்த்தபோதுதான் விளங்கியது. ஊரில் ஸ்ரியறிங் வலப்பக்கம். பதினொரு வருடம் நான் காரின் வலது ஓரத்தில் இருந்து ஓட்டியவன். வலப்பக்கத்தில் என் தோளோடு கார் முடிந்துவிடும். இங்கே என்னுடைய வலப்பக்கத்தில் இன்னும் ஒரு முழு ஆசனத்தின் அகலம் கார் இருந்தது. ரொறன்ரோ வீதிகளில் மெதுவாக ஓட்டும்போது அது நினைவிருக்கும். வேகம் வந்ததும் மூளை ஊருக்குப் போய்விட்டது. என் உடம்பு சுவரிலிருந்து சரியான தூரத்தில்தான் இருந்தது. கார்தான் சுவரில் இருந்தது.

வோல்ரர் குனிந்து கதவைப் பார்த்தார். "மூன்று" என்று கதவிடம் சொன்னார்.

"என் நாட்டில் ஸ்ரியறிங் மற்றப் பக்கம்" என்றேன்.

"இந்தச் சுவர் எந்த நாட்டில் இருக்கிறது?" என்று அவர் கதவிடம் கேட்டார்.

பிறகு தவசீலன் ஏறினான். காரின் பின்பகுதி வளைவுக்கு வளைவு வழுக்கியது. அவன் பயப்படவில்லை, அவனுக்கு அது பார்க்கிங்கில் பழகிய பனி. சுவரில் ஓர் இடத்திலும் படவில்லை. வலப்பக்கம் இருந்து ஓட்டிப் பழகியிருந்தால்தானே மறப்பதற்கு? நான் பதினொரு வருடம் பிழையில்லாமல் ஓட்டியதே எனக்குப் பிழையாக முடிந்தது. இது நியாயமா என்று நாற்பது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

வோல்ரர் ஃபிளாஸ்க்கைத் திறந்து மூடியில் கோப்பியை ஊற்றித் தவசீலனிடம் கொடுத்தார். அவன் கோப்பி குடிக்கிறவனே இல்லை, தேத்தண்ணிதான். அப்படியும் வாங்கிக் குடித்தான்.

அடுத்த நாள் என் வேலை மேசையில் ஒரு மெல்லிய உருக்கு அளவுநாடா கிடந்தது. வோல்ரர் வந்து, "இவருக்குக் கணக்கு வரும்" என்று நாடாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து ரயர் அளப்பது என் பொறுப்பு.

அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கோப்பிக் கடையில் தரும் கடதாசிக் கப்பைப் படுக்கவைத்து உருட்டினால் நேராகப் போகாது. வாய் பெரிது, அடி சிறிது. ஆகையால் அது தானாகவே சிறிய பக்கம் வளைந்து போகும். இடப்பக்கமே திரும்பும் காருக்கும் அதுதான் தேவை. வலப்பக்க ரயரின் சுற்றளவு இடப்பக்க ரயரிலும் கொஞ்சம் கூடவாக இருந்தால் கார் தானாகவே திரும்பப் பார்க்கும்.

ஒரே தொழிற்சாலையில் ஒரே நாளில் செய்த இரண்டு ரயர் ஒரே அளவில் இருப்பதில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே அளவு காற்று அடித்து, நிழலில் வைத்து, நடுப்பகுதியைச் சுற்றி நாடாவைப் போட்டு இழுத்து அளந்து, பக்கவாட்டில் சோக்கால் எழுதுவேன். பெரியது வலது பின்பக்கம், சிறியது இடது பின்பக்கம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் குறைந்தால், முன்பகுதி திரும்ப மறுத்துச் சுவரை நோக்கிப் போகும். கூடினால், வால் வெளியே வீசும். இதில் இன்னொரு சிக்கல், ஓட ஓட வலது பின் ரயர் சூடாகும், உள்ளே காற்று விரியும், ரயர் வளரும். காலையில் நான் வைத்த வித்தியாசம் ஐம்பதாவது சுற்றில் இருக்காது. ஆகையால் இப்போதைய ரயருக்கு அல்ல, வரப்போகும் ரயருக்குக் கணக்குப் பார்க்க வேண்டும்.

இப்போது ரயரில் காற்று இறங்கினால் காரே விளக்குப் போட்டுச் சொல்கிறது. சொல்லட்டும்.

எண்பத்தைந்தில் தவசீலன் கடைசி வகுப்பில் ஓடினான். எண்பத்தாறில் நடு வகுப்பு, ஆறு வெற்றி. எண்பத்தேழில் மேல் வகுப்புக்கு ஏறினான். இவ்வளவு கெதியாக ஏறியவர்கள் அந்தத் திடலில் அப்போது இல்லை. ஒலிபெருக்கியில் பேசுபவருக்குத் தவசீலன் என்ற பெயர் வாயில் நுழையவில்லை. டேவ் சீலன் என்றார். அதுவே நின்றுவிட்டது. பார்க்டேலிலிருந்து எங்கள் குடும்பங்கள் பெட்டியில் புட்டும் சம்பலும் கட்டிக்கொண்டு வரத் தொடங்கின. "தம்பி சாப்பிட்டவரோ?" என்று கேட்பார்கள். தம்பி என்றால் அவன். "அண்ணை, ஒருக்கா இதைப் பிடிச்சு அமத்துங்கோ" என்று கமராவைத் தருவார்கள். அண்ணை என்றால் நான். அந்த மூன்று கோடையிலும் நான் எடுத்த படங்கள் பார்க்டேலில் எத்தனையோ வீட்டு அல்பங்களில் இருக்கின்றன.

வெல்லும்போதெல்லாம் ஃபிளாஸ்க் மூடி அவனுக்குத்தான். பதினான்கு தரம். எனக்கு ஒரு தரமும் இல்லை.

எண்பத்தேழின் கடைசிப் பந்தயம் ஒரு ஞாயிறு மத்தியானம் நடந்தது. நூறு சுற்று. அதற்கு முந்திய வாரம் ரொறன்ரோவுக்கு மேற்கே உள்ள பிறம்ரனிலிருந்து ஓர் ஆள் கராஜுக்கு வந்தார். லொறிக் கொம்பனி வைத்திருப்பவர், பெரிய பந்தயக் குழுவும் அவருடையது. வோல்ரருக்கு முழங்கால் முடியாமல் போய், அந்த வருடத்தோடு பந்தயத்தை விடுவதாக இருந்தார். பிறம்ரன்காரர் எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: "உன் பெடியன் முதல் மூன்றுக்குள் வந்தால் எடுத்துக்கொள்கிறேன். அவனுடைய காரைத் தயார் செய்கிறவன் ஒருவனையும் எடுப்பேன். முழுநேர வேலை."

தயார் செய்கிறவன் நான். முழுநேரமும் ரயர் அளக்கிற வேலை, அதற்குச் சம்பளம். இல்லாவிட்டால் மிச்ச வாழ்க்கை முழுக்க ஸ்காபரோவில் சைலன்சர் மாற்ற வேண்டும். எனக்கு அது எவ்வளவு வேண்டியிருந்தது என்று நான் யாருக்கும் சொல்லவில்லை. நான் ஏறுவதற்கான படி அவன் காலுக்குக் கீழே இருந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அன்று கடும் வெயில். நான் வித்தியாசத்தைக் குறைத்து வைத்தேன். தவசீலன் வந்து சோக் எழுத்தைப் பார்த்தான்.

"அண்ணன், இது காணாது. இன்னும் அரை இஞ்சி கூட்டுங்க."

"கூட்டினால் முதல் இருபது சுத்து நல்லா ஓடும். பிறகு வால் நிக்காது."

"வால் போனா நான் பிடிப்பன்."

"எண்பது சுத்தும் பிடிச்சுக்கொண்டே இருக்கப் போறியோ?"

"நான் பின்னுக்குக் கிடந்தா அந்த ஆள் எழும்பிப் போயிருவாரே. பிறகு ஆருக்கு ஓடுறது?"

"இருந்து கடைசியைப் பாப்பார்."

"உங்களுக்குச் சொல்றது லேசு. சுவருக்குப் பக்கத்தில போறது நான்."

"அந்தச் சுவரை எனக்கும் தெரியும்" என்றேன்.

"ஓம், மூணு தரம்" என்றான் அவன், சிரித்துக்கொண்டு.

வோல்ரர் நொண்டிக்கொண்டு வந்து வலது பின் ரயரில் உள்ளங்கையை வைத்தார். "நாடா யாரிடம் இருக்கிறது?" என்று அதனிடம் கேட்டார். என்னிடம் என்றேன். "அப்படியானால் சரி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கொடி விழுந்தது. நான் சொன்னபடியே முன்பகுதி திரும்ப மறுத்தது. ஐந்தாவதாகப் புறப்பட்டவனை ஒவ்வொருவராக முந்தினார்கள். பதினைந்தாவது சுற்றில் அவன் பதினோராவது இடம். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற எங்கள் ஆட்கள் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டார்கள்.

"என்ன நடா" என்று சபா அண்ணை வேலியைப் பிடித்துக்கொண்டு கேட்டார். அவர் என்னோடு அப்பார்ட்மென்ரில் இருந்தவர். "பெடியனுக்கு என்னத்தைப் பூட்டி விட்டனீ? மாட்டுவண்டிச் சில்லோ?"

"பொறுங்கோ அண்ணை."

"நாங்கள் பொறுப்பம். மற்றக் கார்க்காரங்களையும் பொறுக்கச் சொல்லு."

நான் காரைப் பார்க்கவில்லை, பிறம்ரன்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினெட்டாவது சுற்றில் அவர் எழும்பினார். படியில் இறங்கினார். அவர் போய் ஒரு ஹொட் டோக் வாங்கிக்கொண்டு திரும்பி வந்து இருந்தார்.

தவசீலன் விரும்பியிருந்தால் அந்த நேரம் காரோடு மல்லுக்கட்டி ரயரைத் தீய்த்திருக்கலாம். அவன் அப்படிச் செய்யவில்லை, அடங்கிப் பின்னால் ஓடினான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் சொல்லுக் கேட்டது அவன், சொன்னது நான்.

முப்பதாவது சுற்றளவில் கார் திரும்பத் தொடங்கியது. ரயர் வளர்ந்து என் கணக்குக்கு வந்து சேர்ந்தது. அதே நேரம் முன்னால் ஓடியவர்களின் வால்கள் ஆடத் தொடங்கின. அவன் ஒவ்வொருவராக உள்பக்கத்தால் முந்தினான். எழுபதாவது சுற்றில் நான்காம் இடம், தொண்ணூற்றிரண்டில் இரண்டாம் இடம். அப்படியே முடிந்தது. இன்னும் இரண்டு சுற்று இருந்திருந்தால் முதலாவது.

பிறம்ரன்காரர் நேரே இறங்கி வந்து அவன் கையைப் பிடித்தார். "இருபத்துநாலு வயதில் இப்படி ஒரு பொறுமையை நான் கண்டதில்லை" என்றார்.

"பொறுமை என்னுடையது இல்லை" என்றான் தவசீலன். என்னைக் காட்டி, "அது இவருடைய ரயர். நான் மாற்றச் சொன்னேன், இவர் மாட்டேன் என்றுவிட்டார்" என்றான்.

அந்த மனிதர் வாய்விட்டுச் சிரித்து அவன் முதுகில் தட்டினார். "கெட்டிக்காரனாகவும் இருக்கிறான், அடக்கமாகவும் இருக்கிறான்."

உண்மையைச் சொன்னதற்கும் அவனுக்குத்தான் புகழ். அவன் பொய் சொல்லியிருந்தால் நான் கோபப்பட்டிருக்கலாம். அதற்கும் இடம் வைக்கவில்லை.

பிறகு அவர் என் பக்கம் திரும்பினார். "நீயும் வா. இவன் உன்னைத்தான் கேட்கிறான். நாளைக்குப் பதில் சொல்."

அப்போது வோல்ரர் ஃபிளாஸ்க்கோடு வந்தார். மூடியில் கோப்பியை ஊற்றினார். தவசீலன் அவருக்குக் கிட்ட நின்றான். வோல்ரர் அவனைக் கடந்து, நான்கு பேரைக் கடந்து, என்னிடம் வந்து மூடியை நீட்டினார். நான் வாங்கினேன். அவர் குனிந்து வலது பின் ரயரைப் பார்த்து, "நல்ல கணக்கு" என்றார். கோப்பி ஆறியிருந்தது, சீனியும் இல்லை. கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.

அடுத்த நாள் பிறம்ரனுக்கு வரமுடியாது என்று சொல்லிவிட்டேன். கேட்டவர்களுக்குத் தூரம் என்றேன், குளிர்காலத்தில் றோட்டு என்றேன், அந்த வருடம் வந்து சேர்ந்திருந்த மனைவியின் வேலை என்றேன். மனைவி, "போறதெண்டால் போங்கோ, உங்களை ஆர் மறிச்சது?" என்றுதான் சொன்னாள். உண்மைக் காரணம் அந்த மூடி. பிறம்ரனுக்குப் போனால் நான் டேவ் சீலன் கேட்டதால் வந்த ஆள். இங்கே, ரயரை அறிந்த ஒரு மனிதர், யாரும் சொல்லாமல், தானாகவே அவனைக் கடந்து என்னிடம் வந்தார். அது எனக்குப் போதும் என்று நினைத்தேன்.

தவசீலன் பிறம்ரனுக்குப் போனான். அடுத்த இரண்டு வருடமும் வேறு வேறு ஊர்த் திடல்களில் பெரிய கார்களில் ஓடினான், பத்திரிகையில் படம் வந்தது. வோல்ரர் அந்தக் குளிர்காலமே பந்தயக் காரை விற்றார், பிறகு கராஜையும் விற்றார். நான் ரயர் கடைகளில் வேலை செய்தேன். ஐந்து கடை. ஒன்றிலும் யாரும் ரயரை நாடா போட்டு அளக்கச் சொல்லவில்லை.

போன கார்த்திகைக்கு வருகிறேன். பெடியள் காரைத் தூக்கும் மேடையில் ஏற்றும்வரை தவசீலன் எனக்குப் பக்கத்துக் கதிரையில் வந்து இருந்தான்.

"அண்ணன், நானும் எத்தின வருசமாக் கேக்கணும் எண்டு இரிந்தன். அண்டைக்கு ஏன் பிறம்ரனுக்கு வரல்ல? எவ்வளவு சொல்லி வச்சன்."

வயது போனால் சில விசயங்களை வைத்திருப்பதும் பாரம்தான். வோல்ரரின் கோப்பியைப் பற்றிச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஐயோ அண்ணன்" என்றான் அவன். "அது நான் சொல்லிக் குடுத்தது. எனக்குக் கோப்பி சரிவராது. மூணு வருசமா மூச்சைப் பிடிச்சிக்கிட்டுக் குடிச்சன். இண்டைக்கு எண்டாலும் நடா அண்ணனுக்குக் குடுங்க எண்டு நான்தான் வோல்ரர்ட்ட சொன்னன்."

கையிலிருந்த தேத்தண்ணிக் கப்பைக் கீழே வைத்தேன்.

"'நல்ல கணக்கு' எண்டு சொன்னதும் நீ சொல்லிக் குடுத்ததோ?"

"அது தெரியாது அண்ணன். அது அவர் தானாச் சொன்னதாத்தான் இரிக்கும்."

இருக்கும் என்றான். அதை நான் இன்னும் நிறுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வோல்ரர் இல்லை, கேட்க வழியில்லை. அவன் பொய் சொல்கிறவன் அல்ல. அதுதான் கரைச்சல்.

அந்த நேரம் பெடியள் சில்லுகளைக் கழற்றி வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். பழக்கதோசத்தில் எழும்பிப் போய்ப் பார்த்தேன். இடப்பக்கச் சில்லுகள் இரண்டும் புதிது போல இருந்தன. வலப்பக்கத்து இரண்டு ரிம்மிலும் ஓரம் ஓரமாக உரசிக் கிழித்த தழும்புகள். நடைபாதைக் கல்லில் தேய்த்திருக்கிறான். நிதானமாக இரண்டு ரிம்மையும் சுற்றிச் சுற்றிப் பார்த்து எண்ணினேன்.

தவசீலன் எழும்பி எனக்குப் பின்னால் வந்து நின்றான். "என்ன அண்ணன் பாக்கிறீங்க?"

நான் அவனைப் பார்க்கவில்லை. குனிந்து, ரிம்மிடம் சொன்னேன்.

"அஞ்சு."